கேள்வி கேட்கவும் ஒரு சபை வேண்டும்

சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் பல்லவர் காலக் குடைவரையில் வீற்றிருக்கிறார். அந்தக் குன்றைச் சுற்றி இன்று ஒரகடம், மறைமலை நகர், மகிந்திரா சிட்டி ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் இளைஞர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது பலருக்குப் போனது சம்பளம் மட்டுமல்ல. ‘இத்தனை வருட உழைப்புக்கு என்ன அர்த்தம்?’ என்ற கேள்வியும் எழுந்திருக்கும். வழிபட இங்கே கோவில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் உண்டு. ஆனால் வாழ்வையும் சாவையும் கடவுளையும் பற்றி, நம்புகிறவரும் நம்பாதவரும் அச்சமின்றிச் சேர்ந்து பேச ஓரிடம் இல்லை. அது வேண்டும்.

இது நமக்கு அந்நியம் என்பார்கள். வரலாறு வேறு சொல்கிறது. திருவேங்கடம் என்று பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர், திரித்துவக் கொள்கையை ஏற்காத யூனிடேரியன் கிறிஸ்தவ சபையை 1795இல் சென்னையில் தொடங்கினார். எந்த மிஷனும் அனுப்பி வந்தவரல்லர் அவர். படித்து, யோசித்து, தானே அந்த முடிவுக்கு வந்தவர். 1864இல் சென்னையில் வேத சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டே வள்ளலார், சாதி சமய வேறுபாடுகளை விலக்கிய சன்மார்க்க சங்கத்தை நிறுவினார்.

‘கட்டுப்பாடில்லாத சபை கரைந்துபோகும்’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. வேத சமாஜமும் அதன் தொடர்ச்சியான தென்னிந்திய பிரம்ம சமாஜமும் பெரும்பாலும் படித்தவர் வட்டத்தைத் தாண்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் வள்ளலாரின் வடலூர் கரையவில்லை. 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் சோறு போடுகிறது. 1872இல் எழுந்த ஞானசபைக்குள் நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தருமசாலையில் சாப்பிடப் பசி ஒன்றே போதும். சிந்தனை எல்லோரையும் ஒருசேர எட்டாவிட்டாலும், பசியாற்றும் வேலை எட்டியது. சபையைத் தாங்குவது பொதுவான கொள்கை மட்டுமல்ல, பொதுவான கடமையும்தான் என்பதற்கு வடலூரே சான்று.

இப்படிப் பேசினால் இருக்கிற நம்பிக்கையும் ஆட்டம் காணும் என்று பெற்றோர் பயப்படலாம். ஆனால் கேட்கக் கூடாத கேள்வி மனசுக்குள்ளேயே கிடந்து புழுங்கும். பக்கத்தில் இருப்பவரும் அதையே கேட்கிறார் என்று தெரிந்தால் பாரம் குறையும். ஓய்வே கிடைக்காத ஷிப்டு வாழ்க்கையில் இதற்கு நேரம் ஏது என்றால், மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை போதும். மதம் மாற்றப் பேசக் கூடாது. எந்த மொழியிலும் கேட்கலாம். சேர்ந்து சமைத்துச் சாப்பிட வேண்டும். வேலை இழந்தவரையும் விபத்தில் அடிபட்டவரையும் போய்ப் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் உள்ளூர்ப் பெரியவர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தொடங்கிவைத்தால், பிழைக்க வந்த பிள்ளைகளுக்கு இந்த ஊர் சொந்த ஊராகும்.