பத்திரிகை முதலாளிகள் சங்கமும் நமது நிலையும்

பத்திரிகை நடத்துவோருக்குச் சங்கம் எதற்கு, அதைப் பற்றி நமக்கென்ன என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். ஊரைவிட்டு மும்பைக்கு வந்து உழைத்துப் பிழைக்கும் நமக்கு, ஊர் நடப்பைச் சொல்வது தமிழ்ப் பத்திரிகை. அதன் விலையும் ஆயுளும் அந்தச் சங்கங்களின் பலத்தைப் பொறுத்திருப்பதால், இது நம் விஷயமும்தான்.

இந்திய, கீழ்த்திசைப் பத்திரிகைச் சங்கம் 1939இல் பிறந்தது. 1988இல் இந்தியப் பத்திரிகைச் சங்கம் என்று பெயர் மாறியது. இந்திய மொழிப் பத்திரிகைகள் 1941இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டன.

இச்சங்கங்களால் பலன் இல்லாமல் இல்லை. விளம்பர ஏஜென்சி ஒன்று பாக்கி வைத்துவிட்டால் சிறு பத்திரிகை தனியே நின்று என்ன செய்ய முடியும்? சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கே கமிஷனும் கடனும் என்று விதி வைத்தார்கள். பாக்கி வைத்தவனுக்கு அங்கீகாரம் போகும். எல்லாப் பத்திரிகையும் கதவை அடைக்கும். தொழிலாளிக்கு நாம் சொல்லும் ஒற்றுமைப் பாடம்தானே இது! 2019இல் அச்சுக் காகித இறக்குமதிக்கு 10 சதவீத வரி விழுந்தபோது பத்திரிகைகள் ஒன்றாகக் குரல் கொடுத்தன. 2020இல் அது 5 சதவீதமாயிற்று. 1988இல் வந்த அவதூறு மசோதாவை முதலாளிகளும் பத்திரிகையாளரும் சேர்ந்து எதிர்த்ததால்தான் அரசு கைவிட்டது.

சிறு பத்திரிகைக்குச் சங்கம் ஏன் அவசியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய பத்திரிகை அதிகப் பக்கங்களை மலிவாக விற்றுச் சிறியதை நசுக்கக் கூடாதென்று 1956இல் விலை-பக்கச் சட்டம் வந்தது. புனேயின் ‘சகாள்’ மராத்தி நாளேடு தொடுத்த வழக்கில், அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 1961இல் சுப்ரீம் கோர்ட் தள்ளியது. தீர்ப்பை நாம் குறை சொல்லவில்லை. இன்று பக்கத்தை எண்ணும் அரசாங்கம் நாளை கருத்தையும் எண்ணும். ஆனால் சட்டத்தின் துணை போனபின், சிறியவர்களுக்கு ஒற்றுமையைத் தவிர வேறு துணை ஏது?

அதே சங்கத்துக்கு மறுமுகமும் உண்டு. 2011இல் மஜீதியா ஊதியக் குழுவின் சிபாரிசை அரசு ஏற்று அறிவித்தபோது, சிறு பத்திரிகைகள் மூடிப்போகும் என்று முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அந்தக் குழுவோ பத்திரிகையின் வருமானத்தைப் பார்த்தே தரம் பிரித்துச் சம்பளம் சொல்லியிருந்தது. சிறியவனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பெரியவன் தன் பணப்பெட்டியைக் காத்தான் என்பதே நம் கருத்து. முதலாளிகளின் வழக்கை 2014 பிப்ரவரி 7இல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. இவ்வளவுக்கும் பிறகு, ரயிலடியில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றி இறக்குபவருக்கும், விடியுமுன் சைக்கிளில் வீடுவீடாகப் போடும் பையனுக்கும் எந்த ஊதியக் குழுவும் கணக்குப் போடவில்லை. அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எனவே நம் நிலை தெளிவானது. காகித வரியையும் வாய்ப்பூட்டுச் சட்டத்தையும் அச்சங்கங்கள் எதிர்க்கும்போது நாம் அவர்களோடு நிற்போம். உழைப்பவன் கூலியில் கை வைத்தால் எதிரே நிற்போம். புலம்பெயர்ந்த தமிழர் நடத்தும் சிறு ஏடுகள் ஒன்றுகூடிக் காகிதம் வாங்கவும் விளம்பரம் கேட்கவும் முன்வர வேண்டும். வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு: சந்தாவைப் பாக்கி வைக்காதீர்கள். ஏஜென்சியின் பாக்கியை வசூலிக்கச் சங்கம் இருக்கிறது. நம் பாக்கியை நாம்தான் தீர்க்க வேண்டும்.