நாய் இல்லாத நாய்க்கடி

நாய் விரலைக் கடித்தால் பதிவில் இரண்டு குறியீடுகள் வேண்டும். சர்வதேச நோய் வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பில் எஸ்61.0 நகம் சேதமாகாத விரற்காயத்தைக் குறிக்கும். கடித்தது நாய் என்பதை டபிள்யூ54 சொல்லும். நோயறிதல் அட்டையில் 'விரலில் காயம்' என்று மட்டும் எழுதினால் கணக்கில் நாயே இல்லை. இதைவிடப் பெரிய ஓட்டையாக நான் பார்ப்பது வேறு: அரச வைத்தியசாலைகளின் நோய்நிலைப் புள்ளிவிபரம் விடுதியில் தங்கியோரைத்தான் எண்ணுகிறது. வெளிநோயாளர் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும் வன்னிக் கமக்காரர் அதில் வரமாட்டார். பிறகு கிராமத்து வைத்தியசாலைக்குக் கூடுதல் மருந்தை எதைக் காட்டிக் கேட்பது?

நரம்புகள் செறிந்த விரலில் விசர்நாய் கடித்தால் ஆபத்து அதிகம். முன்பு தடுப்பூசியை முழுமையாகப் போட்டவருக்கு மறுகடியில் குறைந்த ஊசிகளே போதும். ஆனால் துண்டு கையில் இருக்கவேணும். இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களையும் தொலைத்த எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த மிருகம், எந்தத் திகதி, எந்த விரல் என்று எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.