இலையில் விழுந்த வெயில்



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டு நூல், அந்த ஊரில் பிறந்தது அல்ல. கர்நாடகத்திலும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் உள்ள மல்பெரித் தோட்டங்கள்தான் அதன் தாய்வீடு. இன்னும் ஒரு படி பின்னால் போனால், மல்பெரி இலையில் விழுந்த வெயில்.

அந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் செடியின் உடலாகிறது. அதைத்தான் பட்டுப்புழு தின்கிறது. முட்டை பொரிந்து நான்கு வாரத்துக்குள் அதன் எடை சுமார் 10,000 மடங்கு ஏறிவிடும். தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான்; அந்த ஒரு வாரம் புழு வளர்க்கும் வீட்டில் இலை வெட்டிப் போட்டு மாளாது. தின்றதில் கொஞ்சம் செரிக்காமல் எச்சமாக விழுகிறது, கொஞ்சம் மூச்சிலும் அசைவிலும் வெப்பமாகக் கரைகிறது. மிஞ்சுவதுதான் உடலும் பட்டும்.

ஏன் இத்தனை பசி? புழு கட்டும் கூட்டிலிருந்து வரும் அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. இணைசேர்ந்து முட்டையிடும் வரைக்குமான ஆற்றலைப் புழுவே சேர்த்துவைத்தாக வேண்டும். நாமோ பூச்சி கூட்டைத் துளைக்கும் முன்பே கூட்டுப்புழுவைக் கொன்று நூலெடுத்துவிடுகிறோம். சேர்த்த கொழுப்பும் புரதமும் அதன் உடலிலேயே நின்றுவிடுகின்றன. அந்த உடல் மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. கொரியாவில் மனிதர்களே வேகவைத்து உண்கிறார்கள். பூச்சிக்குப் போகவேண்டிய ஆற்றல் வேறு வயிற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இப்படி உயிருக்கு உயிர் ஆற்றல் கைமாறுவதைக் கணக்காக்கிக் காட்டியவர் ரேமண்ட் லிண்டெமன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து எழுதிய அவருடைய கட்டுரை 1942இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. முப்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. ஒவ்வொரு படியிலும் 10 சதவீதமே மேலே போகும் என்று பள்ளியில் படித்தோமே, அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிருக்கு உயிர் அது கூடும், குறையும். ஆனால் எங்கும் இழப்பு உண்டு. எச்சமும் தின்னாத இலையும் எருவாகித் தோட்டத்துக்கே திரும்பலாம்; வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பாது. செடிக்கு மறுநாள் புது வெயில்தான் வேண்டும்.

தறிக்குழியில் மிதிக்கும் காலுக்கும் அதே கதைதான். கரையை உடலோடு பிணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து நாள்கணக்கில் உட்கார்கிறார்கள். அவர்களை இயக்குவது நெல்வயலின் வெயில். கடையில் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம் இந்த உழைப்பை விலையில் எண்ணுவதில்லை. அதில் எனக்கு மனம் ஆறவில்லை.

புழு வளர்க்கும் வாசகர்கள், தறிக்காரக் குடும்பங்கள் இரு தரப்பினரும் எங்களுக்கு எழுதுங்கள். கோடையில் இலை குறையும்போது புழுவை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள், கூடு எப்படித் தேறுகிறது, அந்த நூல் தறியில் எப்படி ஓடுகிறது என்று கேட்கக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்