சுவர் ஏன் மாவாய் உதிர்ந்தது?



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போறேன்னு அறை நண்பர்கள் கேட்டார்கள். "வெளிச்சம் பட்டதும் வினையூக்கிக்குள் எலக்ட்ரான் எப்படித் தாவுகிறது, அதை எக்ஸ் கதிரால் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதப் போகிறேன்" என்றேன். "டிப்ளமோக்காரனுக்கு அது எதுக்குடா? முதல்ல அரியரை க்ளியர் பண்ணு!" என்று சிரித்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா பெயிண்டர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா ஒரு வீட்டின் வெளிச்சுவருக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார். டப்பா வாங்கித் தந்தது வீட்டுக்காரர்தான், இருப்பதிலேயே மலிவானது. இரண்டு வெயில் தாண்டியதும் சுவரில் கை வைத்தால் மாவு ஒட்டியது. "சுண்ணாம்பைக் கலந்து ஏமாத்திட்டே" என்று சொல்லி, பாக்கிக் கூலியைத் தரவில்லை. அப்பா எதையும் கலக்கவில்லை. ஆனால் ஏன் உதிர்ந்தது என்று சொல்லவும் தெரியவில்லை. தலை குனிந்து வீட்டுக்கு வந்தார்.

அந்தச் சுவரில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அதில் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தைத் 'துளை' என்கிறோம். எலக்ட்ரானும் துளையும் மேற்பரப்புக்கு வந்து, அங்குள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பசைப் பொருளைத் தின்றுவிடும். பசை போனால் மிஞ்சுவது மாவுதான். நல்ல வெளிச்சுவர் பெயிண்டில் இதைத் தடுக்க அந்தத் துகளுக்கு சிலிக்கா, அலுமினா பூச்சு கொடுக்கிறார்கள். குற்றம் அப்பாவின் கையில் இல்லை, டப்பாவில்!

சுவரைக் கெடுக்கும் இதே குணத்தை நல்லதுக்கும் திருப்பலாம். 1972-இல் ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்ஸைடு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினார்கள். வெயிலும் தண்ணீரும் இருந்தால் எரிபொருள்! அப்புறம் ஏன் இன்னும் நம் ஊருக்கு வரவில்லை? சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் சுமார் 5 சதவீதம்தான். மேலே தாவிய எலக்ட்ரான்களிலும் பெரும்பாலானவை வேலை செய்யாமல் மீண்டும் துளையிலேயே விழுந்து வெறும் வெப்பமாகிவிடுகின்றன.

எலக்ட்ரான் எங்கே தொலைகிறது? பார்த்தால்தானே தெரியும்? இதற்குத்தான் எக்ஸ் கதிர். ஒவ்வொரு தனிமமும் தனக்கென ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் எக்ஸ் கதிரைச் சட்டென்று அதிகமாக உறிஞ்சும். இரும்புக்கு அது சுமார் 7112 எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட்டுக்கு 7709. அணு ஓர் எலக்ட்ரானை இழந்தால் அந்த எல்லை சற்று மேலே நகரும், பெற்றால் கீழே இறங்கும். எந்த அணு கொடுத்தது, எது வாங்கியது என்று கணக்குப் பார்த்துவிடலாம்.

தாவலோ கண்மூடித் திறப்பதைவிடப் பல கோடி மடங்கு வேகமானது. அதனால் முதலில் ஒரு லேசர் துடிப்பால் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறார்கள். சில ஃபெம்டோ விநாடி கழித்து எக்ஸ் கதிர்த் துடிப்பால் பார்க்கிறார்கள். ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடியாக வெட்டினால் ஒரு துண்டுதான் ஃபெம்டோ விநாடி. இடைவெளியை மாற்றி மாற்றிப் பல முறை எடுத்துச் சேர்த்தால் சினிமாப் படம் மாதிரி ஓடும். இப்படிப்பட்ட எக்ஸ் கதிர் லேசர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2009-இலும், ஜப்பானில் 2011-இலும், ஜெர்மனியில் 2017-இலும் வந்தது. ஒரே மூலக்கூறில் ரூத்தேனியத்திலிருந்து கோபால்ட்டுக்கு எலக்ட்ரான் போவதையும், கோபால்ட்டைச் சுற்றியுள்ள பிணைப்புகள் நீளுவதையும் ஜப்பான் கருவியில் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது.

"இவ்வளவு பணம் செலவழித்து இதைப் பார்க்கணுமா?" என்று கேட்கலாம். பார்க்கணும் என்பதே என் கருத்து. காரணம் தெரியாமல் வினையூக்கியை மாற்றி மாற்றிப் போடுவது, சுவர் உதிர்கிறதென்று டப்பாவை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது போலத்தான்.

இன்னொன்று. அந்தக் கருவிகள் தானாக ஓடுவதில்லை. வெற்றிடப் பம்பு, குளிர்விப்பு, மின்சுற்று, துல்லியமாகக் கடைந்த பாகங்கள், எல்லாவற்றுக்கும் கை வேண்டும். நம் நாட்டிலேயே இந்தூரில் இந்தஸ்-2 என்ற சின்க்ரோட்ரான் இருக்கிறது. அங்கே நமக்கு வேலையில்லை என்று யார் சொன்னது?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலை, பாடத்திட்டத்துக்கு வெளியே ஏதாவது ஓர் ஆய்வை ஒரு மாணவர் தமிழில் சொல்லட்டும். நாம் கேள்வி கேட்போம். டீ செலவு மட்டும்தான் ஆகும்!

போன விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே கேட்டவர், "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனேப்பா" என்றார். அவ்வளவுதான். நண்பர்களே, காரணம் தெரியாதவன்தான் பழியைச் சுமக்கிறான். நமக்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அப்படிச் சுமக்க வேண்டாம்!

— மூன்றாம் ஆண்டு மாணவர், வேதிப் பொறியியல் துறை