“எங்கே போகிறோம்?” என்று கேளுங்கள்!



பாடசாலை விடுமுறை வந்து விட்டால் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. “எல்லாரும் வெளிக்கிடுங்க, சும்மா ஒரு பயணம் போய் வருவோம்!” எங்கே என்று கேட்டால், “போற போக்கில பார்த்துக் கொள்வோம்” என்பார் வீட்டுக்காரர். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அரை மணி நேரத்தில் வேன் வாசலில் வந்து நிற்கும்.

அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்குத்தான் எத்தனை வேலைகள்! கைக்குழந்தையின் பால்மா, சுடுதண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, மாமியின் பிரஷர் மாத்திரை, தொழுகைப் பாய், வழியில் உண்ணச் சோற்றுப் பார்சல்! உண்மையில் திட்டமில்லாத பயணம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் திட்டமிடாமல் விட்டதை மற்றொருவர் அவசர அவசரமாகத் திட்டமிடுகிறார், அவ்வளவுதான்.

திடீர்ப் பயணமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாட்கணக்காகப் பேசிப் பேசியே கைவிடப்பட்ட பயணங்கள் எத்தனை! மஹியங்கனை – கண்டி வீதியில் “18 வளைவு” எனப்படும் பாதையில் ஏறும்போது கீழே விரியும் சமவெளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும், வழியில் நிறுத்தி அவித்த சோளன் வாங்கிக் கொடுப்பதும் குடும்பத்துக்குக் கிடைக்கும் நல்ல நேரங்கள்தாம்.

ஆனால், பொழுது சாய்ந்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குப் போய் அறை தேடிப் பாருங்கள். இருந்தால் வாடகை மிக அதிகம். பல இடங்களில் அறையே இராது. “சரி, இரவோடிரவாகத் திரும்புவோம்” என்று முடிவாகும். பகல் முழுவதும் வேன் ஓட்டியவர், தூக்கக் கலக்கத்தோடு மீண்டும் மலைப்பாதையில் இறங்குவார். ஹபரணைப் பக்கமாகத் திரும்பினாலோ, இருட்டில் யானை வீதியைக் கடக்கும்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியின்போது மலையகத்தின் பல வீதிகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. மலைப்பாதை, இரவு, மழை ஆகியவற்றைச் சாதாரணமாக எண்ணி விடலாகாது.

சகோதரிகளே, மார்க்கச் சட்டத்திலும் இதைப் பற்றிய ஒரு நுட்பமான விஷயம் உண்டு. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகையை நாம் அறிவோம். ஷாபிஈ மத்ஹபில் அதற்குச் சுமார் 80 கிலோமீற்றர் தூரம் இருந்தால் மட்டும் போதாது. எங்கே போகிறோம் என்பது புறப்படும்போதே தெரிந்திருக்கவும் வேண்டும். இலக்கில்லாமல் கால் போன போக்கில் அலைபவருக்கு, எவ்வளவு தூரம் போனாலும் அந்தச் சலுகை இல்லை.

இன்னும் கேளுங்கள். கணவரோடு புறப்படும் மனைவி, அவர் போகும் இடத்தை அறியாதிருந்தால், அந்தத் தூரத்தைக் கடக்கும் வரை அவளும் சுருக்கித் தொழ முடியாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜின் வழியில் நாம் ஓதியிருக்கிறோம். ஆகவே “எங்கே போகிறோம்?” என்று நீங்கள் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. அது உங்கள் தொழுகையோடு சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்வது அவருடைய கடமை.

வேன் புறப்படு முன் மூன்று விஷயங்களைப் பேசி முடித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். “பதுளை வரை” என்று முடிவாகட்டும். இடையில் எந்த நீர்வீழ்ச்சியில் நிற்பது, எந்தக் கடையில் தேநீர் குடிப்பது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஆனால், முன்பின் தெரியாத ஆற்றில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

இரண்டாவது, யார் பொறுப்பு என்பது. மூவர் பயணம் போனாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். நான்கு மச்சான்மார் நான்கு பக்கம் இழுத்தால் பிள்ளைகளுக்குத்தான் அலைச்சல். தலைவரானவர் மற்றவர்களோடு, பெண்களோடும்தான், மஷூரா செய்து நடக்க வேண்டும்.

மூன்றாவது, மஃரிபுக்கு எங்கே நிற்போம் என்பது. பெண்கள் தொழவும், தேவைகளை நிறைவேற்றவும் வசதியுள்ள பள்ளிவாசலையோ, உறவினர் வீட்டையோ முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வண்டியோட்டுபவருக்கும் அங்கே நல்ல ஓய்வு கிடைக்கட்டும். மழைக்காலமாயின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே மலைப்பக்கம் திரும்புங்கள். அவசர அம்பியூலன்ஸுக்கு 1990 என்ற இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இவற்றைப் பேசி முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதனால் பயணத்தின் சந்தோஷம் குறையாது. நேற்றுவரை ஒருவர் தலையில் இருந்த சுமை எல்லோருக்குமாகப் பங்கிடப்படும். அன்றுதான் உம்மாவும் ஜன்னல் பக்கம் அமர்ந்து வெளியே பார்ப்பார்.

உங்கள் பயணங்கள் யாவையும் வல்ல நாயன் ஸலாமத்தானவையாக ஆக்கி அருள்வானாக!