ஆசாரிக்கு எவ்வளவு போகுது?

பாண்டிச்சேரியில் வீடு கட்டுகிறவருக்கும், பழைய வீட்டை இடித்துத் திருத்துகிறவருக்கும், புது ஃப்ளாட்டில் கப்போர்டு அடிக்கிறவருக்கும் ஹார்டுவேர் கடைப் படி ஏறுவதற்கு முன்பே ஒரு இலவச அறிவுரை கிடைத்துவிடும். "ஆசாரியக் கூட கூட்டிட்டுப் போகாதீங்க சார், கமிஷன் அடிச்சிடுவான்." பிளம்பருக்கும் இதே வாக்கியம், பெயின்டருக்கும் இதே வாக்கியம். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் என் இனம். பொறியியல் படித்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர். கம்பெனிக்கு நண்பனைச் சிபாரிசு செய்தால் அவருக்கு ரெஃபரல் போனஸ் வரும். அதில் போன் மாற்றியிருப்பார். அது கமிஷன் இல்லையாம்.

நான் ஆசாரியின் பக்கம் நின்று எழுதுகிறேன். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் நடைமுறை. பிளைவுட் கடையில் பட்டியலை நீட்டியதும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பொருளைப் பற்றி இருக்காது. "யாரு சார் ஆசாரி?" பெயரைச் சொன்னால் பில் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள்வார்கள். வாரக் கடைசியிலோ வேலை முடிந்த பிறகோ அவர் வந்து தன் பங்கை வாங்கிக்கொள்வார். பொருளைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்தோ பத்தோ. லேமினேட், கைப்பிடி மாதிரி லாபம் தடித்த சாமானில் இன்னும் கூட. போன வருஷம் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியைத் திருத்தியபோது ஒரு சோதனை செய்தேன். ஒரு கடையில் ஆசாரியோடு போய் பிளைவுட் விலை கேட்டேன். மறுநாள் அதே கடைக்கு என் தம்பியை அனுப்பி, அதே பிராண்டு, அதே கனம், அதே அளவு கேட்கச் சொன்னேன். "ஆசாரிலாம் இல்லண்ணே, நாங்களே வாங்குறோம்" என்று சொல்லச் சொன்னேன். விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆசாரி வராத நாளில் அவர் பங்கு உங்கள் பைக்கு வருவதில்லை, கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப் அறிவுரையாளர் இத்தனை நாளாக மிச்சம் பிடித்துக் கொடுத்தது கடை முதலாளிக்கு.

அந்தப் பங்கு எந்த வேலைக்கு? பிளைவுட்டில் ஐஎஸ் 303 என்று ஒரு முத்திரை, ஐஎஸ் 710 என்று ஒரு முத்திரை. இரண்டாவது கொதிக்கிற தண்ணீரிலும் பசை பிரியாத பலகை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே முதல் ரகத்தைப் போட்டால் சில மழைக்காலத்தில் உப்பிவிடும். படுக்கையறை லாஃப்டுக்கு இரண்டாவதைப் போடுவது வெட்டிச் செலவு. கப்போர்டுக் கதவுக் கீலில் ஜீரோ கிராங்க், எட்டு, பதினாறு என்று மூன்று இருக்கிறது. கதவு பக்கப் பலகையை முழுக்க மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அடங்குகிறதா என்பதைப் பொறுத்து மாறும். மாற்றி வாங்கினால் கதவு மூடாது. இதையெல்லாம் யோசித்து, அளந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதி, கடைக்கு வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, வளைந்ததைக் கழித்து, தவறாக வந்த ஸ்க்ரூ பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறுபடி வண்டி எடுத்துப் போகிறார். இதற்கு நாம் என்ன கொடுக்கிறோம்? சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டோம். அதிலும் ஐம்பது ரூபாய் குறைத்தோம். எங்கள் துறையில் இதற்கு கன்சல்டிங் என்று பெயர். மணிக்கணக்கில் பில் போடுவோம், கூப்பிட்டுப் பேசிய அரை மணியையும் சேர்த்து. ஆசாரி அந்தக் கூலியை நம்மிடம் கேட்டு வாங்க முடியாததால் கடை வழியாக வாங்கிக்கொள்கிறார்.

கடைகள் ஏன் கொடுக்கின்றன என்பதற்கு இந்த ஊருக்கென்று ஒரு கதை உண்டு. கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. முத்தியால்பேட்டைக்கு அந்தப் பக்கம் கோட்டக்குப்பம், அதுவும் தமிழ்நாடு. விற்பனை வரிக் காலத்தில் பல சாமானுக்கு இங்கே வரி குறைவு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வண்டி வைத்து வந்து வாங்கிப் போனார்கள். ஆசாரி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கூட்டம் வந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மதுபானத்துக்கும் பெட்ரோலுக்கும் எல்லைக்கோட்டின் பலன் மிச்சமிருக்கிறது, ஆணிக்கும் குழாய்க்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அமேசான் விலையைப் போனில் காட்டிப் பேரம் பேசும் தலைமுறை வந்துவிட்டது. இப்போது கடைக்காரர் கையில் மிச்சமிருப்பவை இரண்டுதான்: கடன் நோட்டு, ஆசாரியின் வாய்ச்சொல். போட்டி முழுக்க அந்த வாய்ச்சொல்லுக்கு நடக்கிறது. அதை ஆசாரிக்கான போட்டி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தூண்டில், மீன் நாம்.

கம்பெனிகள் இதைக் கடைக்காரருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டன. 1959இல் ஃபெவிகால் வந்தபோது ஆசாரிகள் வச்சிரப் பசையைக் காய்ச்சித்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நாற்றத்தோடு. பிடிலைட் கடைக்காரரிடம் மட்டும் நம்பி விடாமல் நேராக ஆசாரியிடம் போனது. பின்னாளில், 2002இல், ஃபெவிகால் சாம்பியன்ஸ் கிளப் என்று அவர்களுக்கே ஒரு சங்கம் வைத்தது. பெயின்ட் டப்பாவுக்குள் டோக்கன் வந்தது. சிமென்ட் கம்பெனிகள் கொத்தனார்களைக் கூட்டி ஹாலில் பிரியாணி போட்டன. இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. டோக்கன் கையில் இருந்தால் அது காசு. பிரியாணி வயிற்றில் இருந்தால் அது பிரியாணி.

கோபம் இப்போது வந்திருக்கும் ஆப்களின் மேல். வயர் சுருளிலும் பசை டப்பாவிலும் சுரண்டினால் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் பாயின்ட். இத்தனை பாயின்ட் சேர்ந்தால் மிக்ஸி, இத்தனை சேர்ந்தால் பைக். இந்த மாதிரி அமைப்புகளின் உள்பக்கம் எனக்குத் தொழில்ரீதியாகத் தெரியும். ஒரு பாயின்டுக்கு எத்தனை பைசா என்பது டேட்டாபேஸில் ஒரே ஒரு வரி. அதை நள்ளிரவில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம், எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியதில்லை. பாயின்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. சேர்த்தும் வாங்கப்படாமல் செத்துப்போகும் பாயின்டுகளுக்கு எங்கள் பாஷையில் 'பிரேக்கேஜ்' என்று பெயர். திட்டம் போடும்போதே அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஸ்கேன் செய்த ஒவ்வொரு முறையும் எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் எவ்வளவு சாமான் போடுகிறார் என்ற தகவல் கம்பெனிக்குப் போகிறது. அந்தத் தகவலுக்குத் தனியாக ஒரு மிக்ஸி கிடையாது. கடைக்காரரின் கடன் நோட்டில் ஆயிரம் அநியாயம் உண்டு. ஆனாலும் வீட்டுக்காரர் பணம் இழுத்தடிக்கும் மாதத்தில் "சாமான எடுத்துட்டுப் போ மேஸ்திரி, அப்பறம் பாத்துக்கலாம்" என்று அந்த நோட்டு சொல்லும். ஆப் சொல்லாது.

ஒரு வேடிக்கை. 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு அமலுக்கு வந்தது. தொழில் தொடர்பாக ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். அரசாங்கத்துக்குச் சந்தேகமே இல்லை, அது வருமானம். நமக்கு மட்டும் இன்னும் அது திருட்டு.

ஆசாரி நிஜமாகவே வாடிக்கையாளராக நிற்கும் இடம் ஒன்று உண்டு. கருவி வாங்கும் இடம். டிரில், கிரைண்டர், டிரிம்மர் எல்லாம் அவர் கைக்காசு. கடைகள் அவருக்காக உண்மையில் போட்டி போட்டால் அது இங்கேதான் தெரிய வேண்டும். இங்கே நடப்பதைப் பாருங்கள். பில் கேட்டால் "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் சேரும், பரவால்லயா?" என்று கேள்வி வருகிறது. பெரிய கான்ட்ராக்டருக்கு அந்த வரி திரும்பி வரவில் வரும். பதிவில்லாத ஆசாரிக்கு வராது. அதனால் அவர் பில் வேண்டாம் என்கிறார். பில் இல்லாததால் வாரன்டியும் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்தவரின் டிரிம்மர் நடுவில் நின்றுபோனது. வாங்கிய கடையில் பில் கேட்டார்கள். இல்லை. சென்னைக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும், செலவு உங்களுது என்றார்கள். கடைசியில் வெளியே ஒருவரிடம் ஆர்மேச்சர் சுற்றிக்கொண்டு வந்தார். அந்த நான்கு நாளும் அவருக்குக் கூலி இல்லை. ஒயர் இல்லாத மெஷினுக்கு மாறலாம் என்றால் ஒரு கம்பெனியின் 18 வோல்ட் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. முதல் மெஷினை எந்தப் பிராண்டில் வாங்குகிறாரோ அதற்கே கடைசிவரை அடிமை. பழுதான நாளுக்கு மாற்று மெஷின் தரும் கடையை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பன்னிங்ஸ் என்ற பெரிய கடைச் சங்கிலி இருக்கிறது. தொழிலாளிகளுக்கு பவர்பாஸ் என்று அட்டை கொடுக்கிறது. அதை வைத்திருப்பவருக்குத் தொழில் விலை தனி, தெரிந்த விலை. அதே சரக்கை வேறு கடையில் குறைவாகக் காட்டினால் அதிலிருந்தும் 10 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. டோட்டல் டூல்ஸ் மாதிரியான கருவிக் கடைகளை எதிர்க்க 2020இல் அடிலெய்டில் ஒரு கருவிக் கடைக் கூட்டத்தையே விலைக்கு வாங்கி, டூல் கிட் டிப்போ என்று பெயர் மாற்றி விரித்தது. அமெரிக்காவில் ஹோம் டிப்போ 2024இல் எஸ்ஆர்எஸ் என்ற மொத்த விற்பனைக் கம்பெனியை 1,825 கோடி டாலருக்கு வாங்கியது, கூரை போடுகிறவர்களையும் நீச்சல் குளம் கட்டுகிறவர்களையும் தன் பக்கம் இழுக்க. இவர்கள் யாரும் தர்மம் செய்யவில்லை, எனக்கும் தெரியும். அங்கே பிளம்பர் தன் நேரத்துக்கு நிறைந்த கூலி வாங்குகிறார், அதனால் அவர் வாங்கும் ஆள். இங்கே கூலியை நாம் நறுக்கிவிட்டோம், அதனால் அவர் வாங்க வைக்கும் ஆள்.

"டாக்டர் ஸ்கேன் சென்டர்ல கமிஷன் வாங்கினா திட்டுறீங்க, ஆசாரி வாங்கினா நியாயமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. மருத்துவர்களுக்கு 2002இலிருந்து விதியே இருக்கிறது, கமிஷன் கூடாது. ஆனால் டாக்டர் தன் ஆலோசனைக்குத் தனியாக ஃபீஸ் வாங்கிவிட்டார். ஆசாரியின் ஆலோசனைக்கு யார் ஃபீஸ் கொடுத்தது? மறைமுகமாக வருவதால் அதிகக் கமிஷன் வரும் மட்டமான பலகையைத் தள்ளிவிடும் ஆளும் உண்டு. மறுக்கவில்லை. அந்த மறைவு யாருக்கு வசதி என்று மட்டும் கேட்கிறேன். வீட்டுக்காரருக்கு ஒரு விலை, தொழில் செய்கிறவருக்கு ஒரு விலை என்று இரண்டையும் பலகையில் எழுதி வைக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எழுதினால் கூலி வெளியே தெரியும், பேரம் நேராக நடக்கும், பாயின்ட் தேவைப்படாது. அதனால்தான் எழுத மாட்டார்கள்.

1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுடப்பட்டுச் செத்த ஊர் இது. அடுத்த வருஷம் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த ஆலைகள் மூடிவிட்டன. அவற்றின் சுவருக்கு வெளியே வேலை செய்கிறவர்களுக்கு எட்டு மணி நேரமும் இல்லை, சங்கமும் அநேகமாக இல்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து மாடியிலேயே படுத்து எழுந்து கப்போர்டு அடிக்கிறவரையும் கடையில் 'ஆசாரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் சாதியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் கருவிக்கு 15,000 ரூபாய் உண்டு. அதிலுள்ள 18 தொழிலில் தச்சர் உண்டு, கொத்தனார் உண்டு. பிளம்பர் இல்லை, எலக்ட்ரீஷியன் இல்லை, பெயின்டர் இல்லை. அவர்களுக்கு விபத்துக் காப்பீடும் பிள்ளைக்குப் படிப்பு உதவியும் பெயின்ட் கம்பெனி ஆப்பில் பரிசாக வருகின்றன. அதாவது நிறைய டப்பா விற்றால்.

எங்கள் மாடி வேலையில் நான் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டேன். கூலிக்குக் கீழே இன்னொரு வரி: சாமான் தேர்வு செய்து வாங்கித் தருவதற்கு, சாமான் விலையில் 5 சதவீதம். அவர் இரண்டு தடவை படித்தார். "இது எதுக்கு சார்?" சொன்னேன். "அப்ப கடையில வாங்கக் கூடாதா?" கடைக்காரர் உங்களுக்குக் கொடுப்பதை பில்லிலேயே கழித்துத் தரச் சொல்லுங்கள் என்றேன். போய்க் கேட்டிருக்கிறார். "அப்படிலாம் பழக்கமே இல்ல மேஸ்திரி. இவருக்குக் கொறச்சா நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்க. நீ எப்பவும் போல சனிக்கிழம வந்து வாங்கிக்க" என்று பதில் வந்திருக்கிறது. சனிக்கிழமை போய் வாங்கிக்கொண்டார், 4,300 ரூபாய். என்னிடம் சொல்லவும் செய்தார். அதோடு என் 5 சதவீதத்தில் கொஞ்சம் சேர்த்து வேறொரு கடையில் புது டிரிம்மர் எடுத்தார். இந்தத் தடவை பில் போடச் சொல்லி, தன் பெயரில்.