நின்றே புடைத்த கால்கள்

யாழ்ப்பாணத்தில் இதனை ‘நரம்பு முடிச்சு’ என்பர். தமிழகத்தில் ‘நரம்புச் சுருட்டல்’ என்பதும் ‘சுருள் சிரை’ என்பதும் வழக்கு. ஆங்கிலப் பெயரையே தமிழில் சொல்வோர் ‘வெரிக்கோஸ் வெயின்’ என்பர். கெண்டைக்காலிலும் தொடையிலும் நீலமாகப் புடைத்து, மண்புழு நெளிவது போலத் தோலின் கீழே சுருண்டு கிடக்கும் குருதிக்குழாய்களைத்தான் குறிப்பிடுகின்றேன். இவற்றுக்கும் நரம்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம், உணர்வைக் கடத்துவது நரம்பு என்று இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படித்த எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மூன்றையும் ஒன்றாக்கி ‘நரம்பு’ என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். இது வெறும் சொற்பிழையாக இருந்தால் நான் இப்பத்தியை எழுதியிருக்கமாட்டேன். நரம்பு என்று நம்பிய காரணத்தினாலேயே, ‘நரம்புக்குச் சத்து’ என்று விற்றமின் குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்கியவர்களை நான் அறிவேன்.

1990களின் முற்பகுதியில் நான் பணியாற்றிய பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். மின்சாரம் அற்றுப்போயிருந்த யாழ்ப்பாணம் அது. மாலையில் எழுத்துப்பெட்டியின் முன்னால் வந்து நின்றாரானால், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, பத்திரிகை அச்சேறும் வரை உட்காரமாட்டார். முப்பது வருடங்களுக்கு மேலாக அவ்வாறு நின்றவர். இடதுகாலின் உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கருத்துத் தடித்து, அதன் நடுவே ஆறாத புண்ணொன்று. எந்நேரமும் பழஞ்சீலைத் துண்டு சுற்றியிருக்கும். “இது நிண்டு நிண்டு வந்தது தம்பி. கட்டையிலை போனால்தான் போகும்” என்பார். நாங்களோ அதனைச் ‘சீனிப் புண்’ என்று தீர்மானித்து, அவர் தேநீருக்குச் சீனி போடுவதைக் கண்டித்துக்கொண்டிருந்தோம். அவருக்குச் சீனி வருத்தமே இருக்கவில்லை. சீனிப் புண் பெரும்பாலும் பாதத்திலும் விரல்களிலும் வரும். நாளப் புண் பெரும்பாலும் கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே வரும் என்பதைப் பின்னாளில் ஒரு வைத்தியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்னது சரி. எங்கள் தீர்மானம்தான் பிழை. அசையாமல் நிற்கும் மனிதனின் கணுக்காலருகே நாளத்தினுள் அமுக்கம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். அவன் நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசைகள் நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே தள்ளுகின்றன; அமுக்கம் 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேலே போன குருதி கீழே திரும்பாதிருக்க நாளங்களினுள்ளே சிறு வால்வுகள் உண்டு. பாதுவா நகரப் பேராசிரியர் பப்ரிசியஸ் 1603இல் இவற்றைப் படம் வரைந்து வெளியிட்டார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவியபோது இவ்வால்வுகளையே சான்றாகக் காட்டினார். இவ்வால்வுகள் பழுதடைந்தால் குருதி கீழே தேங்கும், நாளம் புடைக்கும், மாலையில் கால் கனக்கும், வீங்கும், பின்னர் தோல் கருக்கும், கடிக்கும், இறுதியில் சிறு காயம்கூட ஆறாத புண்ணாகும்.

பரம்பரை, வயது, பிள்ளைப்பேறு, உடற்பருமன் ஆகியனவும் காரணங்களே. எல்லாப் பழியையும் தொழிலின் மீது போட முடியாது. ஆயினும் 2005இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று, தொழிலாளரைப் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து, வேலைநேரத்தில் பெரும்பகுதியை நின்றே கழிப்பவர்கள் இவ்வருத்தத்துக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு மற்றையோரைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு என்று கண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இது ‘பொம்பிளையளின்ரை வருத்தம்’ என்று ஒதுக்கும் ஆண்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

ஓரிரவு அந்த அச்சுக்கோப்பாளரின் காலில் புடைத்திருந்த நாளம் மேசைவிளிம்பில் உரசி வெடித்துவிட்டது. வலியே இல்லை என்றார். குருதி மட்டும் நிற்காமல் வழிந்து தரையை நனைத்தது. நாங்கள் பதறிப்போய், செய்யக்கூடாததைச் செய்தோம். அவரை வாங்கிலில் இருத்தி, முழங்காலுக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டினோம். குருதி இன்னும் வேகமாக வந்தது. அயலில் இருந்த இளைப்பாறிய தாதி ஒருவர் ஓடிவந்து, எங்களை ஏசியபடி கயிற்றை அறுத்தெறிந்து, அவரைத் தரையில் படுக்கவைத்துக் காலை வாங்கிலின் மேல் தூக்கி வைத்து, வெடித்த இடத்தில் மடித்த துணியை வைத்து அழுத்திப் பிடித்தார். சில நிமிடங்களில் நின்றுவிட்டது. இதயத்தை நோக்கிச் செல்லும் குருதியை மேலே கட்டித் தடுத்தால் அது கீழேயுள்ள ஓட்டையால் வராமல் வேறெங்கே போகும்? இவ்வாறு குருதி போய் இறந்தவர்களும் உண்டு. வாசகர்கள் இப்பத்தியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்: படுக்க வைத்தல், காலை உயர்த்தல், அழுத்திப் பிடித்தல், பின்னர் வைத்தியசாலை.

கட்டையில் போனால்தான் போகும் என்று அவர் சொன்னதை இன்று சொல்லவேண்டியதில்லை. ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் திரெண்டலென்பேர்க் 1890களில் தொடையில் நாளத்தைக் கட்டும் முறையைப் பிரபலப்படுத்தினார். அதன் பின்னர் முழு நாளத்தையும் உருவி எடுக்கும் சிகிச்சை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், ஸ்கான் படத்தைப் பார்த்தபடி மெல்லிய குழாயொன்றை நாளத்தினுள் செலுத்தி, லேசரினாலோ வானொலி அலை வெப்பத்தினாலோ அதனை உள்ளேயே மூடிவிடும் முறை பரவியுள்ளது. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பி நடக்கலாம். பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டல் 2013இலேயே இம்முறையை முதலாவதாகவும், நுரை ஊசியை அடுத்ததாகவும், பழைய சத்திரசிகிச்சையை மூன்றாவதாகவும் வைத்தது. புண் வந்த பின்னரும் காலம் கடந்துவிடவில்லை. 450 நோயாளரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், கட்டுப்போடுவதோடு நாளத்தையும் உடனே மூடியவர்களின் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாட்கள். தாமதித்தவர்களுக்கு 82 நாட்கள். மூடிய பின்னர் வேறு நாளங்கள் புடைக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். ஆனால் தடவினால் கரையும் என்று விற்கப்படும் களிம்புகள் எதுவும் பழுதடைந்த வால்வைச் சீர்செய்யாது.

அமுக்கக் காலுறையைப் பற்றியும் ஒரு சொல். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் அணியவேண்டும் என்பர். குளிர்நாட்டில் கண்டுபிடித்த பொருள். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் அதனை அணிந்திருப்பது தவம்தான். வீக்கமும் கனதியும் குறைவது உண்மை. ஆனால் கடையில் கண்டதை வாங்கி இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். சீனி வருத்தமும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு நாடியில் அடைப்பு இருக்கலாம். அப்படியான காலை இறுக்கினால் பாதமே பறிபோகக்கூடும். முதலில் பாதத்தின் நாடித்துடிப்பை வைத்தியரிடம் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நாளத்தினுள் குருதி உறைந்திருக்கக்கூடும். அதனை உருவிவிட்டுக்கொண்டு வீட்டிலிருப்பது ஆபத்து. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உணவகச் சமையலறைகளிலும் கடைக் கல்லாக்களிலும் நின்று ஊருக்குக் காசனுப்பும் எம்மவர்க்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

வைத்தியத்தை வைத்தியரிடம் விடுவோம். கதிரையைப் பற்றிப் பேச எனக்கு உரிமையுண்டு. கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையேனும் இருக்கவேண்டுமென்று இங்கிலாந்தில் 1899இலேயே சட்டம் வந்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நடத்திய ‘இருக்கும்’ போராட்டத்தின் பின்னர் 2018இலும், தமிழகத்தில் 2021இலும் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. ஒருநூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி! எங்கள் அச்சுக்கூடத்தில் அதுவும் இல்லை. தொழிலாளர் உரிமை பற்றி நாங்கள் கதிரையில் இருந்து எழுதிய மேதினத் தலையங்கங்களை அந்த மனிதர் நின்றபடிதான் கோத்தார். உயரமான ஸ்டூல் ஒன்று செய்வித்துக் கொடுக்கவேண்டும் என்று, நான் உட்பட, எவருக்கும் தோன்றவில்லை.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் பெரிய புடவைக்கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். பின்னேரம் மூன்று மணி. வாடிக்கையாளர் என்று என்னைத் தவிர எவருமில்லை. பதினைந்து பிள்ளைகள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். இருப்பதற்கு ஒன்றும் இல்லையா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “இருக்க விட்டால் நித்திரை கொண்டிடுவினம் ஐயா” என்று சிரித்தார். அவர் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் இருந்தார். தீபாவளி வியாபாரம் தொடங்குமுன் மாடிக்கு நாலு ஸ்டூல் வாங்கிப் போடும்படி முதலாளிக்குச் சொல்லுமாறு அவரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். தீபாவளிக்குப் புடவை வாங்கும் சாட்டில் மீண்டும் போய்ப் பார்ப்பேன்.